கதவடைக்கும் உரிமை

2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே கோழித்தீவனத்துக்கும் எத்தனால் ஆலைக்கும் போகும் குருணை, மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் அன்றாடச் சோறு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்த நொறுங்கிய அரிசி, அந்நாட்டு மக்களின் நாவுக்குப் பழகிப்போனது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் தடை வந்தது. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்தியாவுடையது. இவ்வளவு பெரிய விற்பனையாளர் கதவடைப்பது அறமா?

ஆம் என்பதற்கு வலுவான நியாயம் உண்டு. ஓர் அரசு முதலில் தன் மக்களுக்கே பொறுப்பு. சுமார் 80 கோடிப் பேர் ரேஷன் தானியத்தை நம்பியிருக்கும் நாட்டில், மழை பொய்க்குமோ என்ற அச்சம் எழும்போது அரசு கைகட்டி நிற்க முடியாது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பது தன்னலமல்ல, பொறுப்பின் வரிசை.

ஆனால் செனகல் கேட்டது தானமல்ல. காசு கொடுத்து வாங்கியது. மலிவு விலையில் ஆண்டுக்கணக்காக விற்று, பிறர் அடுப்பைத் தன் அரிசியை நம்பவைத்த நாட்டுக்கு விற்பவருக்குரிய கடமை வந்துவிடுகிறது. செனகல் அரசு உள்நாட்டு நெல்லை இன்னும் முனைந்து வளர்த்திருக்கலாம் என்பதும் உண்மைதான். அதற்காக அங்குள்ள கூலித்தொழிலாளியின் இரவு உணவைத் தண்டமாக வசூலிக்க முடியாது.

அடுத்த கேள்வி, தடை எதைக் காத்தது என்பது. ஓராண்டில் சில்லறை விலை 11 சதவீதத்துக்கு மேல் ஏறியதை அரசு காரணமாகச் சொன்னது. அப்போது இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் அரிசி இருப்பு வேண்டிய அளவைவிட மிக அதிகம். பசியைத் தடுக்க அடைக்கும் கதவும், விலையைத் தணிக்க அடைக்கும் கதவும் ஒன்றாகா. விலை தணிந்தால் நகரத்து நுகர்வோர் மகிழ்வார். நெல்லுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நல்ல விலையை இழப்பவர் உள்நாட்டு உழவர்.

கதவடைப்பு தொற்றக்கூடியதும்கூட. 2008இல் இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. வாங்கும் நாடுகள் பதற்றத்தில் குவித்தன. உலக விளைச்சல் பெரிதாகச் சரியாதபோதே, டன்னுக்கு 400 டாலருக்கும் கீழிருந்த தாய்லாந்து அரிசி சில மாதங்களில் 900 டாலரைத் தாண்டியது. உலக உணவுத் திட்டத்தின் நிவாரணக் கொள்முதலைத் தடுப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் 2022 ஜூனில் ஒப்புக்கொண்டன. நல்லதுதான், ஆனால் சந்தையில் காசு கொடுத்து வாங்கும் ஏழைக்கு அதில் இடமில்லை.

எனவே உரிமை உண்டு, வரம்பும் உண்டு. கிடங்கு நிறைந்திருக்கையில் முழுத்தடை நியாயமாகாது. முதலில் இருப்பை உள்நாட்டுச் சந்தைக்கு விடவேண்டும். அதுவும் போதாவிட்டால் அளவுக் கட்டுப்பாடு, முன்னறிவிப்பு, அண்டியிருக்கும் ஏழை நாடுகளுக்கு உறுதியான ஒதுக்கீடு. உள்நாட்டில் உண்மையான பஞ்சம் நேர்ந்தால் மட்டுமே முழுத்தடை. எல்லைக்கு அப்பால் பசித்திருப்பவருக்கு இங்கே வாக்கில்லை. அதனாலேயே அவர் பசியைக் கணக்கில் சேர்க்கும் பொறுப்பு, முடிவெடுக்கும் அரசின் மனசாட்சியைச் சார்ந்தது.