தப்பா சொல்லிட்டேனா?

என் அறைத்தோழன் தினமும் கந்த சஷ்டி கவசம் படிப்பான். ஒரு எழுத்து தடுக்கினாலும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பான். ரெண்டு மணி நேரம் ஆகும். ஆபீஸ் பஸ் போயிடும். பக்தின்னு நினைச்சோம். மனநல மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய் என்றார்.

"டேய், சரியா சொன்னேனா?" என்று கேட்பான். "சரிடா" என்பேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்பான். அந்த 'சரிடா'தான் நோய்க்குத் தீனியாம். திரும்பச் செய்யாமல், பதட்டம் தானாகத் தணியும்வரை பொறுத்திருக்கப் பழக்குவதே சிகிச்சை. அதனால இப்போ நான் பதில் சொல்றதில்லை. கண் கலங்கி நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லாதது கருணையா, கல்நெஞ்சா? எனக்கு இன்னும் உறுத்துது. (மழலைக்கு முருகன் கோவிப்பானா என்ன!)

நேத்து ஒரு வரி தடுக்கியும் நிறுத்தாம முடிச்சான். முகமெல்லாம் வேர்வை. எட்டு மணி பஸ்ஸைப் பிடிச்சோம்.