சொந்த ஊர் எது?

“தம்பிக்குச் சொந்த ஊர் எது?”

கனிவான குரல். திண்ணையிலே பாய் விரித்து, செம்பு நிறைய மோர் கொடுத்து, வாடகைக்கு வீடு தேடிச் சென்ற நம்மையும் நம் தோழரையும் அமரச் செய்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி அது. ஊரைச் சொன்னோம். “அங்கே எந்தத் தெரு?” சொன்னோம். “குலதெய்வம் எங்கே?” அதையும் சொன்னோம், தெய்வமே இல்லை என்று மேடையேறி முழங்குகிற நாம்! பெரியவரின் முகம் மலர்ந்தது. பிறகு தோழரின் பக்கம் திரும்பினார். அதே கேள்விகள், அதே கனிவு. தோழர் ஊரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். அவ்வளவுதான்! சற்று முன்பு வரை மாடியிலே காலியாகக் கிடந்த இரண்டு அறைகள், மோர்ச் செம்பு காலியாவதற்குள் ஒன்றாகிவிட்டன. “இன்னொன்றைத் தங்கை மகனுக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன், மறந்தே போனேன்” என்றார் பெரியவர்.

சாதி என்ற சொல் அந்தத் திண்ணையிலே ஒருமுறையேனும் ஒலித்ததா? இல்லை. அவர் பெயரிலும் வால் இல்லை; நம் பெயரிலும் இல்லை; தோழரின் பெயரிலும் இல்லை.

வால் அறுந்த வரலாறு நமக்குப் பெருமை தருவதுதான். குடி அரசு ஏட்டின் முகப்பில் ஆசிரியர் பெயரோடு ஒட்டியிருந்த ‘நாயக்கர்’ 1927ஆம் ஆண்டிலேயே உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில், சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. தீர்மானம் போட்டதோடு தூங்கிப் போகும் மாநாடல்ல அது. இன்றைக்கும் பிற மாநிலங்களிலே அமைச்சரும் அறிஞரும் ஆட்டக்காரரும் குலப் பட்டத்தைப் பெயரோடு சுமந்து திரிய, தமிழன் தந்தையின் முதலெழுத்தோடு நிற்கிறான். கடல் கடந்து சென்ற நம் இளைஞரிடம் “குடும்பப் பெயர் என்ன?” என்று படிவம் கேட்கிறது, அவர் தந்தையின் பெயரை எழுதிவைக்க, அலுவலகத்தார் அந்தத் தந்தையின் பெயராலேயே மகனை அழைக்கிறார்கள்! வேடிக்கைதான், ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னே ஒரு புரட்சி இருக்கிறது.

இருக்கட்டும். அறுத்த வால் எங்கே போயிற்று?

ஒரு பகுதி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மணிக்கட்டிலே வண்ணக் கயிறாக முளைத்தது. அதைத் தடுக்கச் சொல்லி 2019இல் கல்வித்துறை சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினர். அதன் பின்பு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், அந்தக் கயிற்றையும் பள்ளிப் பெயர்களில் ஒட்டிக் கிடக்கும் சாதியையும் நீக்கச் சொல்லிற்று. இன்னொரு பகுதி பேருந்திலே ஏறிற்று. தலைவர்களின் பெயரைப் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டப்போய், ஒரு பெயரைத் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோமென்று கலவரம் மூண்டு, 1997இல் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர் பெயர்கள் அத்தனையும் அகற்றப்பட்டன. எஞ்சியது மணமகள் தேவை என்னும் விளம்பரத்திலே, பத்திரமாக, கொழுகொழுவென்று இருக்கிறது. தேவையானவர் அங்கே சென்று காணலாம்.

ஆகவே நாம் கேட்க விரும்பும் கேள்வி இது. சொல்லாமலிருப்பது அறமா? “நான் சாதி பார்ப்பதில்லை” என்று ஒருவன் கூறும்போது, அவன் உண்மையே கூறுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த உண்மை யாருக்குப் பயன்படுகிறது?

நம்மையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டனாருக்கு நன்செய் இருந்தது. அது எப்படி வந்தது என்று வீட்டிலே எவரும் பேசியதில்லை. அதை விற்றுத் தந்தையார் படித்தார். தந்தையாரின் சம்பளத்தில் நாம் படித்தோம். பட்டத்தை உதிர்த்தோம், நிலத்தின் விலையை உதிர்த்தோமா? உதிர்க்க நமக்குச் செலவே ஆகவில்லை, தோழர்களே! மறப்பது நமக்கு மிக எளிது. தோழருக்கு? அவருடைய பாட்டனார் அதேபோன்றதொரு நன்செய்யில் நாற்று நட்டவர், அறுத்தவர், கரையேறியவுடன் ஒதுங்கி நின்றவர். தோழர் மறக்க நினைத்தாலும், திண்ணைக்குத் திண்ணை நினைவூட்ட ஆள் இருக்கிறது.

“சாதியை ஒழிக்கிறோம் என்கிறீர்களே, பிறகு சான்றிதழில் ஏன் சாதியைக் கேட்கிறீர்கள்?” என்று வினவும் மேதாவிகள் உண்டு. முதன்முதலாகத் தமக்கே தோன்றியதைப் போல் கேட்பார்கள். கணக்கேட்டைக் கிழித்தெறிவோம் வாருங்கள் என்கிறார்கள். கிழிக்கலாம். ஆனால் கிழிக்கத் துடிப்பவன் கடன் கொடுத்தவனா, கடன்பட்டவனா என்று பார்க்க வேண்டாமா? கடன்பட்டவன் ஏட்டைக் கிழித்துவிட்டு, “இனி நாம் இருவரும் சமம்” என்று கைகுலுக்க வந்தால், அதற்குப் பெயர் சமத்துவமா? தோழரின் சாதியைக் கேட்கும் இடங்கள் பல. அவற்றுள் அவருக்கு ஏதேனும் கொடுப்பதற்காகக் கேட்பது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான்.

சுவர் என்றால் இடிக்கலாம். உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி, 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. அதற்கு அத்தனை ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை. சாதியைச் சொல்லி இழிவு செய்பவனைப் பிடிக்க 1955ஆம் ஆண்டுச் சட்டமும் 1989ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. “மறந்தே போனேன்” என்று மோர் கொடுப்பவனை எந்தப் பிரிவில் பிடிப்பது? அவனை அறியக்கூடியவர்கள் இருவர். ஒருவர், மறுக்கப்பட்டவர், அவர் சொன்னால் ‘எதற்கெடுத்தாலும் சாதி பேசுகிறவர்’ என்பார்கள். மற்றவர், அதே திண்ணையிலே உட்கார்ந்து அறை கிடைக்கப் பெற்றவர்.

அந்த மற்றவர் என்ன செய்தார்? மோரைக் குடித்தார். முன்பணம் கொடுத்தார். பேருந்து நிலையம் வரை தோழரோடு நடந்தார். வழியெல்லாம் அரசியல் பேசினார். தோழரே கடைசியில், “நீங்களாவது எடுத்துக்கொண்டீர்களே, நல்ல காற்று வரும் அறை” என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்போம்.

அவருக்கு ஊருக்கு வெளியே, எட்டுக் கல் தொலைவில் ஓர் அறை கிடைத்தது. அந்த வீட்டுக்காரர் வாடகையைத் தவிர எதையும் கேட்கவில்லையாம். நாம் அந்த மாடியறையிலே இரண்டாண்டுகள் இருந்தோம். நல்ல காற்றுதான். பக்கத்து அறைக்குத் தங்கை மகன் வரவேயில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்து, பிறகு நம் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார்.

காலி செய்த நாளன்று பெரியவர் அன்போடு சொன்னார்: “போவதுதான் போகிறீர்கள், உங்களைப் போல நல்ல பிள்ளையாகப் பார்த்து அனுப்பி வையுங்கள்.”

“எங்களைப் போல என்றால் எப்படி ஐயா?” என்றோம். இரண்டாண்டுகள் கழித்துத்தான் வாய் வந்தது.

பெரியவர் நம்மையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.