கமராவும் ஆறாத் துயரும்

கலை துயரை ஆற்றும் என்பது அரிஸ்டோட்டில் காலந்தொட்டு நாம் கேட்டுவரும் கூற்று. ஆயின் அவர் பேசியது நாடகம் காண்போர் உள்ளத்தைப் பற்றியே. படைப்பவரின் புண் ஆறுமா என்பது வேறு வினா.

பெல்ஜிய நெறியாளர் சாந்தால் அக்கர்மனின் இறுதிப்படமான 'நோ ஹோம் மூவி' இவ்வினாவை எழுப்புகின்றது. அவுஸ்விற்ஸ் வதைமுகாமினின்றும் உயிர்மீண்ட தம் தாய், பிரசல்ஸ் நகர வீட்டில் முதுமையுற்று நலிவதை அவர் சிறு கமராவினாற் பதிவுசெய்தார். சமையலறைப் பேச்சு, கணினித் திரைவழியே விடைபெற மனமின்றி நீளும் உரையாடல். படத்திற் பெரும்பகுதி இவ்வளவே. 2014இல் தாய் இறந்தார். 2015இற் படம் வெளிவந்தது. நெடுங்காலம் மனச்சோர்வுற்றிருந்த அக்கர்மனும் அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார்.

அவ்வாறாயின் கலை தோற்றதா? படத்தை மருந்தாகக் கொள்வோரே அவ்வாறு கூறுவர். அதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. கமரா அவரைத் தாயின் அருகில் இருத்தியதா, அன்றி வெறும் மகளாய் இருக்கவொட்டாது தடுத்ததா? அமெரிக்கரான கேர்ஸ்ரன் ஜோன்சன் 2020இல் வெளியிட்ட படத்தில், நினைவிழந்துவரும் அவர் தந்தை தம் சாவைத் தாமே பன்முறை நடித்துச் சிரிக்கின்றார். உளமருத்துவரான அவர் இசைந்தே நடித்தார்; ஆயினும் நினைவு குன்றுபவரின் இசைவு எதுவரை செல்லும்?

என் அம்மம்மாவுக்கு அடையாள அட்டைக்கென எடுத்த படம் ஒன்றே உண்டு. நோயுற்றிருந்தபோது அவர் குரலையேனும் பதிவுசெய்ய எண்ணினேன். முகத்தைப் பார்த்ததும் கேட்கக் கூசிற்று. அக்கூச்சம் அன்பென்றே அன்று நம்பினேன்.