உபரி

தேவைக்கு மேற்பட்ட பணம் சந்தோஷம் தராது என்பது நம்மைப் போன்றவர்களின் தயார் பதில். இந்தப் பதிலுக்காக நாம் எதையும் விலையாகக் கொடுத்ததில்லை. கொடுக்க நம்மிடம் இருந்ததுமில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன் புறவழிச் சாலைக்காக எங்கள் பூர்வீக நிலத்தை எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். எனக்குப் பென்ஷனே போதும். ஆக, முதன்முறையாக என்னிடம் ஓர் உபரி. பதிலைச் சோதித்துப் பார்க்க வேண்டி வந்தது.

விட்கென்ஸ்டைன் ஞாபகம் வந்தது இதனால்தான், தத்துவத்துக்காக அல்ல. ஆஸ்திரியாவின் எஃகு முதலாளிகளில் ஒருவரான அவர் தந்தை 1913இல் இறந்தார். மறு வருஷம் மகன் ஒரு லட்சம் கிரவுன் தொகையை, இன்ஸ்ப்ருக்கில் ‘டெர் ப்ரென்னர்’ என்ற சிறுபத்திரிகையை நடத்திவந்த லுட்விக் வான் ஃபிக்கரிடம் கொடுத்து, வசதியற்ற கலைஞர்களுக்குப் பங்கிடச் சொன்னார். ரில்கேக்கு 20,000. கவிஞர் ட்ராக்லுக்கு 20,000. பத்திரிகைக்கு 10,000.

ட்ராக்ல் தன் பங்கில் கொஞ்சம் எடுக்க ஃபிக்கருடன் வங்கிக்குப் போனார். காத்திருக்கையில் வியர்த்துக் கொட்ட, பணத்தைத் தொடாமலே வெளியே ஓடிவிட்டார். 1914 நவம்பரில் கிராக்கோவ் ராணுவ ஆஸ்பத்திரியில், அளவு மீறிய கொக்கெயினால் இறந்தார். அவரைப் பார்க்கப் போன விட்கென்ஸ்டைன் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த ஓட்டத்தைக் கவிஞனின் தூய்மை என்று கும்பிடுவது சுலபம். எனக்கு அது பயமாகவே படுகிறது. பற்றாக்குறை இருக்கும்வரை மனிதனுக்குத் தன் துக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. உபரி அந்தக் காரணத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அதன் பிறகு எஞ்சும் துக்கம் முழுக்க முழுக்கத் தன்னுடையது.

விட்கென்ஸ்டைன் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும். அண்ணன்மாரில் ருடால்ஃப் 1904இலும் கர்ட் 1918இலும் தற்கொலை செய்துகொண்டார்கள். 1902இல் காணாமல் போன ஹான்ஸும் அப்படித்தான் முடிந்தார் என்று குடும்பம் நம்பியது. 1919இல் யுத்தத்திலிருந்து திரும்பிய லுட்விக் தன் சொத்து முழுவதையும் உடன்பிறந்தவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். ஏழைகளைப் பணம் கெடுத்துவிடும், பணக்காரர்களை அது இனிக் கெடுக்க முடியாது என்பது அவர் சொன்னதாக வழங்கும் காரணம். இதில் ஒரு பிரபுத்தனமான திமிர் இருக்கிறது. பணம் எதைக் கெடுக்கும் என்று தீர்ப்பு வழங்குகிற உரிமையை மட்டும் அவர் துறக்கவில்லை. அடுத்த வருஷம் ட்ராட்டன்பாக் என்ற மலைக் கிராமத்தில் பள்ளி ஆசிரியரானார். அங்கும் அவர் சந்தோஷமாக இல்லை என்பதை அவர் கடிதங்களே சொல்கின்றன. துறவும் காரணத்தைத் திருப்பித் தருவதில்லை.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸும் கடனும் இல்லையென்றால் அந்த நாவலை எழுதி முடித்திருப்பேன் என்று முப்பது வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்களும் நம்பினார்கள். இப்போது ஆபீஸும் இல்லை, கடனும் இல்லை. நாவலும் இல்லை. வாராவாரம் வங்கிக்குப் போய்ப் பாஸ்புத்தகத்தில் வரவு பதிந்துகொண்டு வருகிறேன்.

சென்ற மாதம் பத்திரிகை நடத்தும் நண்பர் வந்து அடுத்த இதழுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டார். சம்பளம் போதாத நாட்களில் கைமாற்று வாங்கி இதே நண்பருக்குக் கொடுத்திருக்கிறேன். இம்முறை, “எத்தனை பிரதி போடுகிறீர்கள், யார்தான் படிக்கிறார்கள்?” என்று கேட்டேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பணத்தை அனுப்பினேன். கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற முடியவில்லை.

தேவைக்கே இல்லாதவனிடம் போய்ப் பணத்தில் சந்தோஷம் இல்லை என்று சொல்வது அயோக்கியத்தனம். அவனுக்கு அது இருக்கிறது: அரிசியாக, மருந்தாக, பெண்ணின் படிப்பாக. நான் பேசுவது அந்த எல்லைக்கு அப்பால் நிற்பவனைப் பற்றி. அங்கே பணம் சந்தோஷமும் தருவதில்லை, துக்கமும் தருவதில்லை. இனி என்ன சாக்கு என்று கேட்கிறது. சாக்குப் போன பிறகும் செய்வதற்கு ஒரு காரியம் உள்ளவன் பாக்கியசாலி. எனக்கு அப்படி ஒன்று உண்டு என்றுதான் இத்தனை காலமும் சொல்லி வந்திருக்கிறேன்.