புகை யாருடையது?

2022 டிசம்பர் 9 ஆம் திகதி நாட்டின் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. வெள்ளமோ வேலைநிறுத்தமோ காரணமல்ல, வளி மாசடைந்திருந்தது. கொழும்பின் மேல் சாம்பல்நிற மூட்டம் கவிந்திருந்தது. நகரத்தின் சொந்தப் புகையோடு, இந்தியப் பெருநிலத்திலிருந்து வீசிய காற்று சுமந்து வந்த மாசும் சேர்ந்துகொண்டதாக அதிகாரிகள் விளக்கினர். பாடசாலை மீண்டும் கூடியபோது ஒன்பதாம் தரத்து மாணவனொருவன் எழுந்து கேட்டான்: "சேர், அப்படியென்றால் அந்தப் புகை யாருடையது?"

நான் விஞ்ஞானம் சொன்னேன். தெற்காசியாவின் புகை கடல் தாண்டிப் பரவுவதை, 1999 இல் மாலைதீவைத் தளமாகக் கொண்டு நடந்த இந்து சமுத்திர ஆய்வே அளந்து காட்டிவிட்டது என்றேன். ஆனால் அவன் கேட்டது விஞ்ஞானமல்ல என்பது பிறகுதான் உறைத்தது.

வாகனமும் அனல்மின் நிலையமும் விடும் புகையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, மூட்டமாகக் கண்ணில் படும் நுண்துகள். அது மூச்சோடு இறங்கி நெஞ்சைக் கெடுக்கிறது; ஆனால் சில நாட்களில், மழையோடு மண்ணில் விழுந்துவிடுகிறது. மற்றது கண்ணுக்குத் தெரியாத காபனீரொட்சைட்டு. அதில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் வானில் தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கரித்துகள் வெப்பத்தை உறிஞ்ச, கந்தகப் புகையில் பிறக்கும் துகள்களோ வெயிலைத் திருப்பியனுப்பிச் சூட்டை ஓரளவு மறைக்கின்றன.

அப்படியானால் புகையைத் துடைப்பது சூட்டைக் கூட்டுமே, அது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒருவர் வாதிக்கலாம். ஆனால் அந்த நிழல் இலவசமல்ல. துகள்கள் விழுந்துகொண்டே இருப்பதால் நிழலையும் நாளாந்தம் புதுப்பிக்க வேண்டும். அதற்கான விலையைக் கட்டுவது புறக்கோட்டை நடைபாதை வியாபாரியின் நெஞ்சு, டில்லியின் ரிக்ஷாக்காரரின் நெஞ்சு. வளி மாசினால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 70 இலட்சம் பேர் அகால மரணமடைவதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஒருவனின் மூச்சை அடகுவைத்து இன்னொருவனுக்குக் குடை பிடிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

வடிகட்டி பூட்டித் துகளை மட்டும் அடக்கிவிட்டாலும் கணக்குத் தீர்ந்துவிடாது. கண்முன் இருமுகிறவனுக்கு நியாயம் செய்துவிட்டோம், சரி. இன்னும் பிறக்காதவனின் கடன் அப்படியே கிடக்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. நெருப்பு ஒன்று, கடன் இரண்டு. நெருப்பைக் குறைத்தால்தான் இரண்டும் குறையும்.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அதே 2022 இல், பெற்றோல் கிடைக்காத மாதங்களில், ஐந்து கிலோமீற்றர் தூரம் சைக்கிளில் பாடசாலை போய் வந்தேன். அதைப் பெருமையாகச் சொல்லியும் திரிந்தேன். பங்கீட்டில் பெற்றோல் வந்த முதல் வாரமே சைக்கிள் தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. கிடைக்காததால் விட்டதை, மனமறிந்து விட்டதாக வரவு வைக்க முடியாது. அந்தத் தூரம் என்னால் முடியாத தூரமல்ல என்பதற்கு அந்த மாதங்களே சாட்சி.

அன்று அந்த மாணவனுக்காகக் கரும்பலகையில் இந்தியாவை வரைந்தேன், கொழும்பை வரைந்தேன், காற்றின் திசைக்கு அம்புக்குறியும் போட்டேன். பாடசாலை வாசலில் நின்ற என் மோட்டார் சைக்கிளை மட்டும் வரையவில்லை.