தபசு யார் இருப்பது?

சங்கரன்கோவில் தலபுராணத்தில் சண்டை போட்டவர்கள் சங்கனும் பதுமனும். இருவரும் நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன் பெரியவர், பதுமனுக்குத் திருமால். பேச்சு முற்றி, நியாயம் கேட்டு அம்பாளிடம் போகிறார்கள். அதன்பிறகு புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் தபசு நின்றது கோமதியம்மன். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை.

சின்ன வயதில் இதை என் ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் எதையும் கேட்க முடியும். "அவனுக சண்டைக்கு இவ ஏன் ஆச்சி நிக்கா?" "பின்ன அவனுகளா நிப்பானுவ? பொறுப்பு யாருக்கு இருக்கோ அவதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அறுந்த இழையை முடியப் போய்விட்டாள். இந்தக் கோயிலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் ஆடித் தபசுத் திருவிழா மாலையில் சுவாமி பாதி சிவன், பாதி திருமாலாக, சங்கரநாராயணராகக் கொடுக்கும் காட்சியைச் சொல்வார்கள், சைவ வைணவ ஒற்றுமை என்பார்கள். ஆச்சி காட்சியை விட்டுவிட்டுத் தபசைப் பிடித்துக்கொண்டாள். ஒற்றுமை நல்லது என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. அதற்கான பாட்டை யார் படுவது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

பக்கத்தில் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். பகடிவதைத் தடுப்புக் குழு, மாணவர் குறைதீர் குழு என்று எந்தக் குழு போட்டாலும் என் பெயரை எழுதிவிடுவார்கள். அதனால் இது எனக்குப் புராணத்தோடு முடிகிற கேள்வி இல்லை.

எங்கள் பக்கம் சாதியைச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. முதலில் "எந்த ஊரு?" அடுத்து "ஊர்ல எங்கன?" அதற்கடுத்து "மேலத்தெருவா, கீழத்தெருவா?" மூன்றாவது கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும். சேர்க்கை முடிந்த முதல் வாரம் பேருந்து நிறுத்தத்திலும் கேண்டீனிலும் ஓடுவது இந்த மூன்று கேள்விகள்தான். மணிக்கட்டில் கலர்க் கயிறு கட்டியிருப்பவனிடம் அந்த மூன்றுக்கும் வேலையில்லை, நிறமே சொல்லிவிடும். கொஞ்ச நாளில் வகுப்பில் பெஞ்சுகள் தெருவாரியாகப் பிரிந்துவிடும். தானாகவே பிரிந்துவிட்டது என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்வோம். மூன்று கேள்விகளையும் மூன்று வருடமும் கேட்டுக்கொண்டே இருக்கும் ஓர் இடத்தில் எது தானாக நடக்கும்?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், சண்டை வந்தால் எழுதி வாங்குவதற்கென்றே ஒரு தாள் உண்டு. அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். 'எங்களுக்குள் ஏற்பட்ட சிறு மனவருத்தம் காரணமாக நடந்த நிகழ்வுக்கு வருந்துகிறோம். இனி இதுபோல் நடக்காது என உறுதியளிக்கிறோம்.' கீழே இரண்டு கோடு. ஒன்று அடித்தவனுக்கு, ஒன்று அடிபட்டவனுக்கு. முதலாமாண்டுப் பையன் ஒருவன் உதட்டில் தையலோடு வந்து நின்றான். அவன் செய்ததெல்லாம் பேருந்தில் பின்சீட்டில் உட்கார்ந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு, "நான் எதுக்கு சார் வருந்தணும்?" என்றான். "போடுப்பா, போட்டாத்தான் பிரச்சினை முடியும்" என்றார் துறைத்தலைவர். போட்டான். கை நடுங்கியதில் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கிப் பக்கத்துக் கோட்டில் இடித்தது. சமரசம் ஆனது என்று கோப்பில் ஏறியது. அடுத்த பருவத்துக்கு அவன் வரவில்லை.

அந்த அறையில் தபசு இருந்தவன் அவன்தான். கல்வி நிலையங்களில் நல்லிணக்கம் என்ற பெயரில் நடப்பதில் பாதி இப்படித்தான் நடக்கிறது. 'விட்டுக்குடு', 'பெரிசு பண்ணாதே', 'படிக்க வந்தியா சண்டை போட வந்தியா' என்பவை யாரைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன என்று ஒரு வாரம் கவனித்தால் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த தலித் மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பு அவன் பள்ளிக்குப் போகாமல் நின்றிருக்கிறான். ஏன் என்று விசாரித்தபோது தனக்கு நடந்ததைச் சொல்லியிருக்கிறான். சொன்னதற்கு வந்த பதில் அரிவாள். பொறுத்துக்கொண்டாலும் அவன் பாடு, வாய் திறந்தாலும் அவன் பாடு.

அதன்பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கையைக் கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது என்ற பரிந்துரை மட்டும் தொலைக்காட்சி விவாதங்களில் அடிபட்டது. எனக்கு முக்கியமாகப் பட்டவை, யாரும் கத்திப் பேசாத மற்ற பரிந்துரைகள். வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. பள்ளிகளின் பெயரில் உள்ள சாதிப் பெயரை எடுக்க வேண்டும். 500 பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு நல அலுவலர் வேண்டும். சலிப்பூட்டும் நிர்வாக வேலைகள். ஆனால் இவற்றில் ஒன்றாவது அடிபட்ட பிள்ளையிடம் 'நீ கொஞ்சம் பொறுத்துக்கோ' என்று கேட்கிறதா என்று பாருங்கள். ஆச்சி படித்திருந்தால் இதைத் தபசு என்று ஒப்புக்கொண்டிருப்பாள்.

நெற்றிக் குறிச் சர்ச்சையிலும் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. எங்கள் சுவாமியே குறிகளோடுதான் நிற்கிறார். வலப்பக்கம் சடை, பிறை, மழு, புலித்தோல். இடப்பக்கம் கிரீடம், சங்கு, துளசி மாலை, பீதாம்பரம். அந்தச் சந்நிதியில் விபூதியும் தருவார்கள், துளசித் தீர்த்தமும் தருவார்கள். ஒரு பாதி மறுபாதியைக் கரைத்துவிடவில்லை. அதுமட்டுமா, சங்கரநாராயணராகப் பார்த்த அம்மன் பழைய கோலத்தையும் கேட்கிறாள். ஆடித் தபசன்று இரவு சுவாமி சங்கரலிங்கமாக மறுபடி வந்து காட்சி தருவது அதற்காகத்தான். ஒன்றாவதற்கு அடையாளத்தை அழிக்க வேண்டியதில்லை என்று கோயிலே சொல்லும்போது, பையன்கள் கையில் இருக்கும் கயிற்றை மட்டும் ஏன் அறுக்க வேண்டும்?

நாகர்கள் கேட்டது 'யார் பெரியவர்' என்று. காட்சியில் அதற்குப் பதில் கிடைக்கவில்லை, கேள்வியே நிற்க இடமில்லாமல் போனது. வலது, இடது என்று இருக்கிறதே தவிர அந்த உடம்பில் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று பிரிவினை இல்லை. கயிற்றின் வேலையோ மேல் கீழ் காட்டுவது. சாமி முன்னால் நிற்க இட்டுக்கொள்ளும் குறி ஒன்று, எதிரே வருகிறவன் ஒதுங்கிப் போவதற்காகக் கட்டும் குறி இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்கிறவர்கள் எங்கள் கேண்டீனில் வந்து உட்காரலாம், டீக்கு நான் காசு கொடுக்கிறேன்.

இதனால் எங்கள் ஊர் சமத்துவபுரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆடித் தபசு 12 நாள் திருவிழாவின் மண்டகப்படிகள் பெரும்பாலும் சமுதாய வாரியாகத்தான் நடக்கும். இன்னாருக்கு இன்ன நாள். தபசு அன்று தெற்கு ரத வீதியில் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் கலையும். சுற்றுப்பட்டு விவசாயிகள் வெள்ளாமையில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளி எறிவார்கள். யார் எறிந்த வத்தல் யார் தலையில் விழுந்தது என்று கேட்க முடியாத நெருக்கடி. அன்றைக்கு யாரும் மேலத்தெருவா கீழத்தெருவா என்று கேட்பதில்லை. மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் கேட்பார்கள். காட்சி ஒரு மாலைக்குத்தான், அதை வைத்து வருடத்தை ஓட்ட முடியாது.

பெரியவர்களின் சமாதானத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுப்பதற்கு முன்னோடியான சம்பவம் ஒன்று நெல்லைச் சீமையில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்தது. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மகாதேவியில் நடந்தது. தேசிய உணர்வோடு, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற நோக்கம். காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் எழுதினார், பெரியார் கொதித்தார், காங்கிரஸ் இரண்டுபட்டது. ஐயர் சாதி பார்க்கிறவர் அல்லர், யாரோடும் உட்கார்ந்து சாப்பிடக் கூடியவர். ஆனால் சில பெற்றோருக்குத் தனிப் பந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அந்த வாக்கை மீற மனம் வரவில்லை. பெற்றோர் மனம் நோகக் கூடாது என்று அவர் எண்ணியதற்கான விலையை வேறு பந்தியில் உட்கார்ந்த சின்னப் பிள்ளைகள் கொடுத்தார்கள். நல்லவர் என்பதால்தான் அவரைச் சொல்கிறேன். கெட்டவர்கள் நடத்தும் நிறுவனத்தைப் பற்றித் தனியாக யோசிக்க என்ன இருக்கிறது? 1925 ஜூனில் பாபநாசம் அருவியில், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் இறந்தார். தன் வீட்டுப் பிள்ளைக்காக ஒரு கணமும் யோசிக்காமல் குதித்தவர் அவர்.

இதையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் வீட்டில் அய்யாவழி. "மிஸ், எங்க அய்யா வைகுண்டர் தவசு இருக்கச் சொன்னது அடிபட்ட சனங்களத்தான? வாகைப்பதியில எழுநூறு குடும்பம் துவையல் தவசு இருந்தாங்கன்னு அகிலத்திரட்டுல வருதே."

என் வாதத்தின் அடியிலேயே கை வைத்துவிட்டாள். தோள்சீலை போடவும் உரிமையில்லாதிருந்த காலத்தில், தெற்கே அந்த மக்கள் கடலோரத்தில் கூடி, நாளும் குளித்து, துணி துவைத்து, ஒன்றாகப் பொங்கி ஒன்றாக உண்டார்கள். தபசு இருந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்களேதான். ஆனால் யாரோடு சமாதானமாகப் போவதற்கும் அவர்கள் அதை இருக்கவில்லை. தங்கள் மதிப்பைத் தாங்களே எழுப்பிக்கொள்ள இருந்தார்கள். யாரும் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கவில்லை. தானாக ஏற்ற தவசையும் தலையில் கட்டிவிட்ட தவசையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது என்று சொன்னேன். அவள் உட்காரவில்லை. "அப்ப உங்க அம்மன் தபசு இருந்து முடிக்கிற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டே இருக்கணுமா மிஸ்?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அவளைப் போன்றவர்கள் காத்திருக்கவும் போவதில்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பெண்கள், கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்வார்கள்.

ஆடித் தபசுத் திருவிழாவின்போது எங்கள் கோயிலில் ஆடிச்சுற்று நடக்கும். நூற்றுக்கணக்கான தடவை பிராகாரத்தைச் சுற்றுவார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் அம்மனின் கால்வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்த நம்பிக்கை இது. பொறுப்பானவள் முதலில் நின்றுவிட்டாள், மற்றவர்கள் வலியில் பங்கு கேட்டு வருகிறார்கள். வரிசை அதுதான். நாம் கல்லூரிகளில் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மாணவர்களை முதலில் சுற்றவிட்டு, நிர்வாகம் வேடிக்கை பார்க்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2012-ல் கொண்டுவந்த விதிமுறைகள், ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்றன. பெயர்ப்பலகை எங்கும் இருக்கிறது. எங்களிடம் இப்போது பலகைக்குக் கீழே கொஞ்சம் வேலையும் நடக்கிறது. ஆய்வகத்தில் யார் யாரோடு சேர்வது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். விடுதியில் மதியம் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளோடு வரிசையில் நின்று தட்டை வாங்க வேண்டும், சாம்பார் எப்படி இருந்தாலும். நோன்பு வைக்கும் பிள்ளைகளுக்கு ரம்ஜான் மாதத்தில் மாலைத் தேர்வு கிடையாது. பார்வையற்ற மாணவனுக்குத் தேர்வெழுதித் தருபவரைத் தேடும் வேலை அவனுடையது இல்லை, அலுவலகத்துடையது. கலர்க் கயிறு இன்னும் முழுசாகப் போகவில்லை, சட்டைக் கைக்குள் ஏறியிருக்கிறது.

இரண்டு கோடு போட்ட அந்தத் தாள் மாதிரி ஒன்று எங்களிடமும் இருந்தது. அதைக் குழு கைவிட்டுவிட்டது. இப்போது ஆளுக்கொரு தாள். அவரவர் நடந்ததை எழுதலாம், வருந்துகிறேன் என்று எழுத வேண்டியவன் மட்டும் எழுதினால் போதும். மூன்றாவதாக ஒரு தாள் வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். இது நடக்காமல் இருக்கக் கல்லூரி என்ன செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை என்று கல்லூரியே எழுதி, முதல்வர் கையெழுத்துப் போடும் தாள். "நம்ம தப்ப நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு கோர்ட்டுல கொண்டு நிறுத்துவாங்க மேடம்" என்றார் இயற்பியல் துறை நண்பர். நிறுத்தட்டும் சார் என்றேன். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் அது இருக்கிறது, ஆண்டு விழாப் பந்தல் செலவுக்குக் கீழே.