விதைத்தவருக்கு விளைச்சலில் உரிமை உண்டா?

ஓர் ஆசிரியரின் வாழ்வை எதைக்கொண்டு அளப்பது? அவரிடம் பயின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதைக் கொண்டே உலகம் அளக்கிறது. மாணவன் உயர்ந்தால் புகழில் ஆசிரியருக்கு ஒரு பங்கு. அவன் வழிதவறினால் பழியிலும் ஒரு பங்கு. இந்தக் கணக்கு நியாயமானதுதானா?

கட்டாக் நகரின் ராவன்ஷா பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த பேனிமாதவ தாஸின் வாழ்வு இக்கேள்வியை எழுப்புகிறது. பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த அவர் சிட்டகாங், டாக்கா, கட்டாக், கிருஷ்ணநகர் என்று அரசுப் பள்ளிகளில் பணியாற்றியவர். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டிய உத்தியோகம். அவர் 1952-இல் மறைந்தார்.

1909-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அப்பள்ளியில் சேர்ந்தான். ஐரோப்பியர் நடத்திய பள்ளியில் ஏழாண்டுகள் பயின்றவன். ஆதலால் தாய்மொழியான வங்காளியில் ஒரு கட்டுரைகூடப் பிழையின்றி எழுத வராது. அவனது முதல் கட்டுரை வகுப்பில் நகைப்புக்கு உள்ளாயிற்று. அவன்தான் சுபாஷ் சந்திர போஸ். தலைமையாசிரியரைக் கண்ட மாத்திரத்தில் அவன் மனம் அவர்பால் ஈர்க்கப்பட்டது. அவரோ மேல்வகுப்புகளுக்கு மட்டுமே பாடம் நடத்துபவர். அந்த வகுப்பை அடையும் நாளுக்காகச் சிறுவன் காத்திருந்தான். நாளும் வந்தது, சில மாதங்களில் மாற்றல் உத்தரவும் வந்தது.

பிரிவுபசாரக் கூட்டத்தில் பிறர் காணாதபடி கண்ணீரை அடக்கிக்கொண்ட சுபாஷ், வெளியே வரும்போது தாழ்வாரத்தில் நின்ற ஆசிரியரைக் கண்டார். கண்கள் சந்தித்தன, அடக்கியது பெருகிற்று. ஆசிரியர் அருகில் வந்து, மீண்டும் சந்திப்போம் என்று தேற்றினார். 1937-இல் ஆஸ்திரியாவில் தங்கி எழுதிய சுயசரிதையில், நாற்பது வயதில், போஸ் இதை நினைவுகூர்கிறார். சில மாதப் பாடத்துக்கு இத்தனை ஆயுள்!

பின்னர் கடிதங்கள் தொடர்ந்தன. இயற்கையிடம் உன்னை ஒப்படைத்துவிடு, அது உன்னோடு பேசும் என்பதே அவற்றின் சாரம். சிறுவன் அவ்வாறே ஆற்றங்கரையிலும் தனித்த புல்வெளியிலும் அந்திவேளைகளில் அமர்ந்து தியானித்தான். மனஅமைதி கிட்டியது, ஆயினும் முழு நிறைவு கிட்டவில்லை. வாழ்வு முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு கொள்கையை அவன் தேடினான். பதினைந்து வயதளவில் சுவாமி விவேகானந்தரின் நூல்களில் அதைக் கண்டான்.

இதை ஆசிரியரின் தோல்வி என்று கூறலாமா? மாணவன் தம்மிடமே நின்றுவிட வேண்டும் என்று விரும்பும் ஆசிரியருக்கு அது தோல்விதான். பேனிமாதவரோ மாணவனைத் தம்மிடம் இழுத்துக்கொள்ளவில்லை. தமக்கு அப்பால் உள்ள ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சுட்டிய விரலைத் தாண்டிப் பார்வை செல்வது இயல்பே.

கேள்வியின் கடினமான பகுதி இனிமேல்தான். 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்ஸனை நோக்கி ஓர் இளம்பெண் துப்பாக்கியால் சுட்டாள். ஆளுநர் உயிர் தப்பினார்; அவளுக்கு ஒன்பதாண்டுக் கடுங்காவல். அவள் பெயர் பீனா தாஸ், பேனிமாதவரின் மகள். அந்திவானத்தைப் பார்க்கச் சொன்னவரின் வீட்டிலிருந்து துப்பாக்கி ஏந்திய கை ஒன்று! அவளுக்குத் துணிவைத் தந்தவர் அவர் என்று போற்றுவதா, நெறி கற்பிக்கத் தவறினார் என்று தூற்றுவதா?

பலனில் உரிமை இல்லை என்னும் கீதையின் விடையை இங்கே கூறிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அதுவே தப்பித்துக்கொள்ளும் வழியாகவும் ஆகிவிடக்கூடும். பலனைத் துறத்தல் வேறு. மாணவனைக் கைவிடுதல் வேறு. மாணவனின் புகழைத் தமதென்று கொள்ளாதவரே பலனைத் துறந்தவர். அவன் துன்பத்தையும் தமதன்று என்று ஒதுக்குபவர் கைவிட்டவர். முதலாவதைச் செய்து இரண்டாவதைச் செய்யாதிருப்பது மிகக் கடினம். ஏனெனில் நம் மனம் இதை நேர்மாறாகச் செய்யவே பழகியிருக்கிறது: வெற்றியில் ஒட்டிக்கொள்கிறது, தோல்வியில் வேதாந்தம் பேசுகிறது.

தாழ்வாரத்தில் அன்று ஆசிரியர் அந்தச் சிறுவனிடம் எதிர்காலத்தைப் பற்றி எதுவும் கேட்டதாகப் போஸ் எழுதவில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு மாணவனின் அருகில் அவர் வந்தார் என்றே எழுதியிருக்கிறார்.